காற்றை நேராக்கித் தந்தவருக்கு நன்றி

அன்புள்ள பெற்றோர்களே, நண்பர்களே,

விசிறியால் காற்றோட்டம் உண்டாக்கி, மாதிரி இறக்கையைச் சோதித்துப் பார்க்கும் பெட்டிதான் நம் சனிக்கிழமை வகுப்பின் காற்றுச்சுரங்கம். வெள்ளிக்கிழமை இரவு அதற்குள் காற்று நேராக ஓடாமல் சுழன்றுகொண்டிருந்த நிலை உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை ஊதுபத்திப் புகை விமான இறக்கையின் மேல் கோடு கோடாகப் படிந்து ஓடியதையும் பார்த்தீர்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் ஒருவர். சிங்கப்பூர் ஆகாயப் படையில் ஸ்கைஹாக் போர்விமானங்களைப் பராமரித்தவர். பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் பயின்று ஆசிரியரானவர். பெயர் வேண்டாம் என்றுவிட்டார். ஐயா என்றே சொல்கிறோம்.

முதலில் விசிறியைக் கழற்றிப் பின்முனையில் மாட்டினார். முன்னாலிருந்து ஊதினால் விசிறி முறுக்கிவிட்ட காற்று அப்படியே இறக்கையில் மோதும். பின்னாலிருந்து இழுத்தால் அந்த முறுக்கு இறக்கையைக் கடந்த பிறகுதான் உண்டாகும். சுரங்கத்தின் வாய் 30 செ.மீ. சதுரம், இறக்கை நிற்கும் இடம் 15 செ.மீ. சதுரம், அங்கே காற்றின் வேகம் வாயில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. உள்ளே நுழையும் காற்று நேராக ஓட, வாயை உறிஞ்சுகுழல் துண்டுகளால் நிரப்பினார். 6 மி.மீ. குழல், 4 செ.மீ. துண்டு. நீளம் விட்டத்தைப்போல் 6 முதல் 8 மடங்கு இருக்கவேண்டும். குறைந்தால் சுழல் அடங்காது, மிகவும் கூடினால் உராய்வில் வேகம் போய்விடும். 500 குழல்கள், 2,500 துண்டுகள். கத்தரிக்கோல் குழலின் வாயை நசுக்கும், புது பிளேடுதான் சரி. பசை தேவையில்லை, நெருக்கி அடுக்கி, உட்பக்கம் கொசுவலை கட்டினால் போதும்.

இதெல்லாம் தேடினால் கிடைக்கும். அதற்குப் பிறகு அவர் செய்ததற்குத்தான் இந்த மடல். மின்சாரம் கொடுக்கும் முன் வெள்ளைத்தாளை விரித்து, கழற்றிய திருகுகளையும் கருவிகளையும் எண்ணினார். ஒரு திருகு குறைந்தது. நள்ளிரவு தாண்டியும் மின்விசையைத் தொடவிடவில்லை. டார்ச்சும் கையுமாகத் தேடி, விசிறிக்கு ஒரு சாண் முன்னால், சுரங்கத்தின் மூலையில் கண்டெடுத்தார். ஜெட் என்ஜின் ஒரு திருகை விழுங்கினால் உள்ளே சுழலும் தகடுகள் சிதையக்கூடும். நம் விசிறி பிளாஸ்டிக். உடைந்தால் சில்லு பின்பக்கமாகப் பறக்கும். காலையில் பிள்ளைகள் நின்றது அந்தப் பக்கம்தான்.

சமையலறைத் தராசு தந்த அக்கா, குழல் வெட்டிய அண்ணன்மார், தேநீர் கொண்டுவந்த புளோக் அண்டைவீட்டார், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

ஐயா, இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணிவிட்டுத்தான் விசையைப் போடுவோம். திருகுகள் மொத்தம் 24. சுரங்கத்தின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியாயிற்று.

அன்புடன்,
சனிக்கிழமை வகுப்புத் தொண்டூழியர்கள்