சொந்தக் காசுல சாஃப்ட்வேர் பண்றவங்க கவனத்துக்கு

மக்களே, புதுசா சேர்ந்தவங்க "சர்வர் எங்க வைக்கறது, கஸ்டமர்கிட்ட காசு எப்படி வாங்கறது, வரிக்கு என்ன பண்றது"ன்னு தனித்தனியா ஒரே கேள்விய கேக்கறதால மொத்தமா இங்கயே போட்டுடறேன், பின் பண்ணி வைக்கிறேன்.

சர்வருக்கு ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க. ஹெட்ஸ்னர் மாதிரி சர்வர் வாடகைக்கு விடற எடத்துல சின்ன விபிஎஸ் (பெரிய சர்வர்ல நமக்குன்னு ஒரு பங்கு) ஒண்ணு, அதுல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஆரம்பத்துக்கு தாராளம்.

தலைவலி எல்லாம் காசு வாங்கற எடத்துலதான். வெளிநாட்டு கஸ்டமர்னா பேடில் மாதிரி பேமெண்ட் கம்பெனிய வச்சுக்கோங்க, அவங்களே விக்கறவங்களா நின்னு காச வாங்கி அந்தந்த நாட்டு வாட் வரியையும் (விற்பனை வரி) கட்டிடுவாங்க, ஒவ்வொரு விற்பனைக்கும் கமிஷன் 5 சதவீதமும் 50 செண்டும், வலிக்கும்தான் ஆனா ஜெர்மனி வரிக்கு நாமளே அலையறதுக்கு இது எவ்வளவோ தேவல.

உள்ளூர்ல சந்தா 15,000 ரூபாய்க்கு மேல போனா ஆட்டோ டெபிட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்கும், ரிசர்வ் வங்கி விதி. இது தெரியாம நான் வருஷ பிளான 18,000னு வச்சுட்டேன், ரினியூவல் அன்னிக்கு ஏழு பேர்ல அஞ்சு பேருக்கு பேமெண்ட் ஃபெயில், ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "சார் ஒரு ஓடிபி மட்டும்"னு கெஞ்சினேன். இப்ப மாசம் 1,499 தான்.

ஜிஎஸ்டி பதிவு பண்ணி எக்ஸ்போர்ட் பண்றவங்க ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி (ஏற்றுமதி விதிகள ஒழுங்கா பின்பற்றுவேன்னு ஜிஎஸ்டி துறைக்கு குடுக்கற உறுதிக் கடிதம்) போட்டுடுங்க, அப்பதான் வரி கட்டாம பில் போடலாம். மார்ச் முடியறப்ப ஞாபகப்படுத்தறேன் (நானே மறந்தவன்தான்).

ஓப்பன் சோர்ஸ் (கோட யார் வேணா பாக்கலாம், மாத்தலாம்னு விடற சாஃப்ட்வேர்) பண்றவங்க பங்கு வர்த்தக கம்பெனி ஸிரோதாவோட ஃப்ளாஸ் ஃபண்ட் பாருங்க, 2024ல ஆரம்பிச்சது, வருஷம் 10 லட்சம் டாலர் ஒதுக்கறதா சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க, இது முதலீடு இல்ல, நன்கொடை. உங்க புராஜெக்ட் பத்தியும் எவ்வளவு காசு வேணும்னும் ஃபண்டிங் டாட் ஜேசன்னு (funding.json) ஒரு ஃபைல் எழுதி, கோட் வச்சிருக்கற ரெப்போல போட்டு அப்ளை பண்ணணும்.

டவுட் இருந்தா இங்கயே கேளுங்க, பிரைவேட்ல வேணாம்.