பக்கத்தில் நின்றால் பங்காளி ஆகிவிடாது

ஐயா,

அறிவியல் கண்காட்சிக்கு, உயிரினங்களின் உறவைக் காட்டும் 'உயிர்மரம்' சார்ட் வரையும் மாணவர்கள் அடியில் பாசியையும் உச்சியில் மனிதனையும் வைத்துவிடுகிறார்கள். அது மரமல்ல, ஏணி.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1735-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மகரந்தத்தாள்களை வைத்துத் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது போட்டது அட்டவணைதான். 1801-இல் பிரான்சில் ஒஜியே என்பவர் தாவரக் குடும்பங்களை அடிமரம், கிளை, இலையோடு வரைந்தார். அதில் வம்சாவளி கிடையாது, படைப்பின் ஒழுங்கு மட்டுமே. கிளை பிரியும் கணுவைப் பொது மூதாதையாகக் காட்டியது டார்வினின் 1859 நூல். அதிலிருந்த ஒரே படமும் அதுதான். 1874-இல் ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல் ஓக் மரத்தை வரைந்து உச்சியில் மனிதனை உட்காரவைக்க, ஏணி திரும்ப வந்துவிட்டது.

நம்மூர்ச் செடிகளை வைத்தே சரியாக வரையலாம்: நெல், மூங்கில், பனை, வேம்பு. உயரத்தைப் பார்த்தால் பனையும் வேம்பும் சேர்ந்துவிடும். நெடிய தண்டு வெவ்வேறு குலங்களில் தனித்தனியே தோன்றியது. உறவுக்கு அது சாட்சியாகாது. ஒற்றை விதையிலையும், தண்டுக்குள் சிதறிக் கிடக்கும் வாஸ்குலார் கற்றைகளும் (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கட்டுகள்) மற்ற மூன்றுக்கும் பொது, வேம்புக்கு இல்லை. எனவே முதல் கணுவில் வேம்பு பிரியும். அடுத்ததில் பனை. விதையுறையும் கனியுறையும் ஒட்டிய தானியம் நெல்லுக்கும் மூங்கிலுக்கும் உண்டு (மூங்கிலரிசி என்கிறோமே!), அவை கடைசிக் கணுவில். பொதுப் பண்பு ஒவ்வொன்றையும் அதற்குரிய கணுவுக்குச் சற்றுக் கீழே, கிளையின் குறுக்கே சிறு கோடாகக் குறிக்கவேண்டும்.

'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறது தொல்காப்பிய மரபியல். வெளிப்பக்கம் வைரம் பாய்ந்த பனை அந்தக் கணக்கில் புல்தான். உயரத்தைப் பார்க்காமல் தண்டை வெட்டிப் பார்த்த கணக்கு அது.

படிக்கும்போதும் ஒரு பொறி உண்டு. எந்தக் கணுவிலும் கிளைகளை இடம்வலம் மாற்றலாம். வேம்பு, நெல், மூங்கில், பனை என்று நுனிகள் வரிசையாக நின்றாலும் அதே மரம்தான். நெல்லுக்குப் பக்கத்தில் நிற்பதால் வேம்பு பனையைவிட நெருங்கிய சொந்தமாகிவிடாது. இரண்டு நுனிகளிலிருந்தும் விரலை வேர்ப்பக்கம் நகர்த்தி, அவை சந்திக்கும் கணுவைப் பார்க்கவேண்டும். வேருக்கு எவ்வளவு அருகில் சந்திக்கின்றனவோ உறவு அவ்வளவு தூரம். வழியிலுள்ள கணுக்களை எண்ணுவது வீண்.

இன்று வாழ்பவை எல்லாம் ஒரே மட்டத்தில் முடியவேண்டும், பாசியும் மனிதனும் உட்பட. சிம்பன்சியிலிருந்து மனிதனுக்கு அம்புக்குறி போடக்கூடாது. இரண்டும் ஒரு கணுவின் இரு கிளைகள்.

தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.