கல் காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்நாட்டின் குன்று உச்சிகளிலும் சாலைப் பாலங்களிலும் ரயில் நிலைய அடித்தளங்களிலும் வெட்டி வைத்த, ஜி.டி.எஸ். என்ற பிரிட்டிஷ் கால மாபெரும் முக்கோண அளவையின் பழைய குறிகளைத் தேடிப் பதிவு செய்வது எங்கள் விடுமுறை நாள் வேலை. அதற்கு வரைபடம் கொடுத்தவர்கள், வழி காட்டியவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், வாயிற்கதவைத் திறந்துவிட்டவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். வெறுமனே நன்றி என்று எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை. யார் எதைச் சொல்லிக் கொடுத்ததால் கல் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். புதிதாகத் தேட வருபவர்களுக்கு உதவும்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற நில அளவை ஊழியர்களுக்கு. இடத்தைக் குறிக்கும் முக்கோண அளவை நிலையமும் உயரத்தைக் குறிக்கும் பெஞ்ச் மார்க்கும் வேறு வேறு என்பதை அவர்கள்தான் தலையில் குட்டிப் புரியவைத்தார்கள். முதலாவது, இந்த அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் வழி வந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் தொடங்கி, பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு 100 அடி எஃகுச் சங்கிலியால் அவர் அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போனது அந்த அளவை. கிடந்த பாறையில் ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி, இதுதான் அதன் குறி. பெரும்பாலும் அதன்மேல் கல்லடுக்கோ மேடையோ இருக்கும். மேடை கட்டிய இடங்களில் மேலே ஒரு குறியும், அதற்கு நேர் கீழே தரைமட்டத்தில் இன்னொரு குறியும் இருக்கலாம். ஆகவே மேல்கல் போய்விட்டால் தேடல் முடிந்தது என்று இறங்கிவிடக் கூடாது.

இரண்டாவதான பெஞ்ச் மார்க், உயரத்தை அளக்கும் மட்ட அளவை வழி வந்தது. 1858-இல் தொடங்கிய வேலை. கராச்சி முதல் நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம் வரை ஒன்பது துறைமுகங்களில் எடுத்த கடல்மட்ட அளவுகளை வைத்து 1909-இல் அதற்கு ஒரு பொதுச் சுழி, அதாவது உயரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யம், வகுத்தார்கள். இந்தக் குறிகள் மலையுச்சியை நாடிப் போவதில்லை. சாலையும் தண்டவாளமும் போன வழியே போகும். பாலத் திண்டு, சத்திரத்துப் படி, பயணியர் மாளிகை அடித்தளம் என்று இலகுவில் அசையாத எதிலும் இருக்கும். ஜி.டி.எஸ்., பி.எம். என்று ஆங்கில எழுத்துகளும் கூடவே ஒரு சதுரமோ வட்டமோ வெட்டியிருப்பார்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? முக்கோண நிலையத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை நுட்பமாக இருக்கும். உயரம் அவ்வளவு நுட்பமில்லை. பெஞ்ச் மார்க்குக்கு உயரம் நுட்பம்; இருக்கும் இடமோ வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் படித்ததுதான். எனவே பெஞ்ச் மார்க்கின் இடப்புள்ளியை ஜி.பி.எஸ்.ஸில் போட்டுக்கொண்டு அங்கேயே மண்ணைக் கிளறுவது வீண். பழைய மட்ட அளவைக் கையேடுகளில் உள்ள விவரிப்பைப் படித்து நடக்க வேண்டும். அதில் மைல், பர்லாங், அடி என்றுதான் இருக்கும். ஒரு பர்லாங் 201 மீட்டர். ‘சங்கிலி’ என்று வந்தால் எந்தச் சங்கிலி என்று பார்க்க வேண்டும். நிலம் அளக்கும் சங்கிலி 66 அடி, லாம்டனுடையது 100 அடி.

அடுத்து, நில அளவைத் துறையின் பழைய வரைபட ஷீட்களைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பிய நூலக ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் நன்றி. ஷீட் எண் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 58 என்றால் 76-இலிருந்து 80 டிகிரி கிழக்கு, 8-இலிருந்து 12 டிகிரி வடக்கு. அதை ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாகப் பிரித்திருப்பார்கள். எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடும், இடமிருந்து வலமாக அல்ல. மதுரை 58 கே/1. சென்னையில் லாம்டனின் அடிக்கோடு 66 சி, 66 டி இரண்டிலும் விழுகிறது. ஒரு ஷீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் மறுமுனை இல்லாமல் நிற்பீர்கள். அமெரிக்க ராணுவத்தின் 1:2,50,000 ஷீட்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகவே தருகிறது. மலையை அடையாளம் காண அது போதும்; கல்லைக் காண அது போதாது.

பழைய ஷீட்டில் இரண்டு பொறிகள் உண்டு. மிகப் பழையவற்றில் தீர்க்கரேகைக்குச் சென்னை வானாய்வகத்தின் பழைய மதிப்பே அடிப்படை. அது உண்மையைவிட 2 நிமிடம் 27 விநாடி கூடுதல். கழிக்காமல் போனால் நம் அட்சரேகையில் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் கிழக்கே தள்ளும். கடலோர ஊர் என்றால் கடலுக்குள் போய் நிற்கும். இது தெரிந்தால் திருத்துவது எளிது. இரண்டாவது பொறி நயமானது. ஷீட் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய புவி வடிவக் கணக்கில் இருக்கிறது, போன் டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற புதிய கணக்கில் இருக்கிறது. எண்களை அப்படியே போனில் தட்டினால், தமிழ்நாட்டில் உண்மையான கல் போன் காட்டும் புள்ளிக்கு வடமேற்கே 200 மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். குன்றின் தவறான சரிவில் முள்ளுக்குள் அலைய இந்த 200 மீட்டர் தாராளம். கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் ‘யூசர் டேட்டம்’ என்ற இடத்தில் டி.எக்ஸ். 295, டி.ஒய். 736, டி.இசட். 257, டி.ஏ. 835.757, டி.எஃப். 0.28361368 என்று கொடுங்கள். பட்டியலில் ‘இந்தியன் பங்களாதேஷ்’ என்று ஒன்று தயாராக இருக்கும். அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது வேறு. இந்திய நில அளவைத் துறை இப்போது தரும் ஓப்பன் சீரிஸ் ஷீட்கள் டபிள்யூ.ஜி.எஸ்.-84-இலேயே வருவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஷீட் அனுப்பியவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள்: ஷீட்டில் ஏரிக்கரை ஓரம் எண்ணுக்குப் பின்னால் சின்ன ‘ஆர்’ இருந்தால் அது கரையின் உயரம், கடல்மட்டத்திலிருந்து அல்ல. பெஞ்ச் மார்க் என்று நினைத்து ஏரி ஏரியாகப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

ஏரி என்றதும், வயலுக்கு நீர் திறந்துவிடும் நீர்க்கட்டிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். மதகடியில் எழுத்து வெட்டிய கல்லைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பவர்களை நிறுத்தி, “அது எஃப்.டி.எல். கல்லுங்க, தண்ணி எதுவரைக்கும் நிக்கலாம்னு போட்டது” என்று சொல்பவர்கள் அவர்கள்தான். இதுபோல ஏமாற்றும் கற்கள் பல: காப்புக்காட்டு எல்லைக்கல், ரயில்வே எல்லைக்கல், வருவாய்த் துறையின் சர்வே கல், கிராம எல்லையில் நிற்கும் பெரிய தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) கல். கடைசி இரண்டையும் பிரித்துச் சொல்லித்தந்த கிராம உதவியாளர்களுக்கும் தாலுகா சர்வேயர்களுக்கும் தனி வணக்கம். புலப்படத்தைக் காட்டி “இது உங்க கல் இல்லை, எங்க கல்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மிகப் பெரிய நன்றி ஆடு மேய்ப்பவர்களுக்கு. ஜி.டி.எஸ். என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெஞ்ச் மார்க் என்றால் பள்ளிக்கூடப் பெஞ்ச் என்று நினைப்பார்கள். “பாறையில வட்டம் போட்டு நடுவுல புள்ளி வச்ச மாதிரி வெட்டியிருக்கா?” என்று கேளுங்கள், ஆள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். அதே பாறையில் ஆடுபுலி ஆட்டக் கட்டமும் பல்லாங்குழிக் குழிகளும் இருப்பது வழக்கம், குழம்ப வேண்டாம். விளையாட்டுக்கு வெட்டியது விளிம்பு தேய்ந்து, கோடு கோணலாக இருக்கும். அளவைக்காரர் வட்டம் கருவி வைத்துப் போட்டது. கோடு ஒரே அகலத்தில் ஓடும், புள்ளி சரியாக நடுவில் நிற்கும். மஞ்சள் குங்குமம் வைத்திருந்தால் கை வைக்காதீர்கள். கூட வந்தவர் சரி என்ற பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள்.

கல்லடுக்குக்குள் கை விடாதே, பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருந்தால் வந்த வழியே திரும்பு, வாசனைத் தைலம் பூசிக்கொண்டு ஏறாதே என்றும் அவர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் புதர் ஆளுயரம் இருக்கும். மாசி, பங்குனியில் காய்ந்து குறி தெரியும். ஆனால் அதே பருவம் காட்டுத்தீக் காலம், வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைக்கும். எனவே அந்த மாதங்களில் காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கும் தனிக் குன்றுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அனுமதி பற்றிப் பொறுமையாக விளக்கிய வனக் காவலர்களுக்கும் நன்றி.

டெல்டாவில் குன்று இல்லை. அங்கே லாம்டன் கோபுரங்கள்மீது ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் சுவரில் மோதிச் சேதமானது அப்படித்தான். எனவே தஞ்சை, நாகை மாவட்டங்களில் வட்டமும் புள்ளியும் தேடி வயல் வரப்பில் நடக்காதீர்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் மட்டக் குறிகள். அவற்றுக்குக் கோயில் படியையும் மண்டப அடித்தளத்தையும் பார்க்க வேண்டும். பார்க்க விட்ட அர்ச்சகர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் நன்றி. கும்பாபிஷேகத்துக்கு முன்பு மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த சுவரிலும், புதுக் கிரானைட் பதித்த படியிலும் எழுத்து மிஞ்சாது. அப்படிப்பட்ட இடத்தில் வெளிப்பிரகாரத்துப் பழைய படியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ரயில் நிலையங்களில் நிலைமை மோசம். மீட்டர் பாதை அகலப்பாதையானபோது பல பழைய கட்டடங்கள் போய்விட்டன. இருக்கும் இடங்களிலும் நடைமேடை உயர்ந்து அடித்தளம் புதைந்துவிட்டது. நிலைய அதிகாரியிடம் சொல்லிவிட்டே உள்ளே போக வேண்டும். சாலைப் பாலங்களில் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். சாலையை விரிக்கும்போது பழைய சிறுபாலத்தை இடிக்காமல் ஒட்டியே புதியதைக் கட்டுவதுண்டு. தார் மேல் தார் போட்டு மேல்திண்டு மறைந்திருந்தாலும், ஓடையில் இறங்கிப் பக்கவாட்டைப் பார்த்தால் பழைய கல் தெரியும். மைல்கல்லை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மைல் கிலோமீட்டரானபோதும், சாலை வளைவை நேராக்கியபோதும் அவை இடம் மாறிவிட்டன. இன்றும் மாறாமல் இருப்பவை ஓடையும் ஏரிக்கரையும். அளவை அங்கிருந்து தொடங்குங்கள்.

கல்லைக் கண்டதும் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்த கல்வெட்டு ஆர்வலர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மென்மையான நைலான் தூரிகை, ஒரு பாட்டில் தண்ணீர், கைக்கண்ணாடி, 30 மீட்டர் நாடா, திசைகாட்டி, இவ்வளவே போதும். கம்பித் தூரிகை, ஆசிட், சுண்ணாம்புக்கட்டி, பெயின்ட் நான்கும் கல்லுக்குப் பகை. எழுத்து தெரியவில்லை என்றால் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து விடுங்கள், அல்லது மாலை வரை காத்திருங்கள்; உச்சி வெயிலில் எந்த எழுத்தும் எழாது. நம் பகுதியில் காந்த ஊசி விலகல் ஓரிரண்டு டிகிரிதான் என்பதால் பழைய விவரிப்பின் திசையைத் திசைகாட்டியில் அப்படியே பின்பற்றலாம். நூறு மீட்டருக்கு மூன்று நாலு மீட்டர் தவறும், அதை நாடா பார்த்துக்கொள்ளும்.

நான்கு படம் எடுங்கள்: அளவுகோல் வைத்து அருகிலிருந்து, ஐந்து மீட்டரிலிருந்து, தூரத்து அடையாளம் தெரிய ஒன்று, குறியிலிருந்து வடக்கு நோக்கி ஒன்று. அசையாத மூன்று பொருள்களுக்கு நாடாவால் தூரம் எழுதுங்கள். உயரத்தை மட்டும் போனை வைத்துச் சரிபார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் புவியின் கடல்மட்டப் பரப்பு நீள்கோளத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத கருவி மெரினா மணலில் கழித்தல் எண்பதுக்குக் கீழே காட்டும். கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கிடைக்காத கல்லை ‘அழிந்தது’ என்று எழுதாதீர்கள், ‘காணவில்லை’ என்று எழுதுங்கள். உடைந்த துண்டையோ, குன்றே குவாரியாகிப் போனதையோ கண்ணால் பார்த்தால்தான் அழிந்தது. நாங்கள் ‘காணவில்லை’ என்று விட்டதைப் பின்னால் வேறொருவர் மண்ணை ஒதுக்கிக் கண்டுபிடித்துச் சொன்னதுண்டு. அவர்களுக்கும் நன்றி, கொஞ்சம் பொறாமையோடு.

ஒரு மனத்தாங்கல். நல்ல எண்ணத்தோடுதான், சில இடங்களில் யாரோ எழுத்துக்குள் சிவப்பு எனாமல் ஊற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெயின்டைச் சுரண்டும்போது கல்லின் விளிம்பும் சேர்ந்து வருகிறது. கல்லைப் பெயர்த்து வீட்டுக்கோ பள்ளிக்கோ கொண்டுபோய்ப் ‘பாதுகாப்பதும்’ அப்படியே. இடம் மாறிய பெஞ்ச் மார்க்குக்கு உயரம் கிடையாது. அரசு அதிகாரம் நட்ட அளவைக் குறியைப் பெயர்ப்பதைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவே குற்றம் என்றது.

தோட்டத்துக்குள் நிற்கும் கல்லைச் சுற்றி உழுது, அதன்மேல் ஏர் படாமல் பார்த்துக்கொள்ளும் விவசாயிகளுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலி போடும்போதோ போர் போடும்போதோ கல்லை அசைத்தே ஆக வேண்டியிருந்தால், அதற்கு முன்பு தாலுகா அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள். ஒரு படமும் எடுத்து வையுங்கள். நாங்கள் வந்து தூரங்களை அளந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய அளவைக் குறிகளைத் தேடும் நண்பர்கள்