தலையாட்டினால் சம்மதமா?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கால் தேறியது பெரிய ஆறுதல். இங்கே மழை விட்டபாடில்லை, ஹட்டன் பாதையில் பகலிலேயே லைட் போட்டுக்கொண்டுதான் பஸ் ஓடுகிறது.

ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வீட்டுத் திட்டக் கூட்டம் நடந்தது. வரிசை அறைகளான லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் அளவு காணியில் ஆளுக்கொரு தனி வீடு. காட்டிய இடம் மேல்மலைச் சரிவு. வந்த அதிகாரி பேசப் பேச, முன்னால் இருந்த பெண்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். நம்முடைய தலையாட்டல் உனக்குத் தெரியும்தானே, ‘கேட்கிறேன், சொல்லுங்கள்’ என்பதற்கும் அதேதான். அவர் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் துரைக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றே தலைமுறைகள் போயிருக்கின்றன. அந்த மௌனத்தைப் போய்ச் சம்மதமென்று எடுப்பதா? எனக்குத் தாங்கவில்லை.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். இடத்தைச் சொன்னதும் ஒரு அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்தார், பக்கத்தில் இருந்தவர் அவருடைய முழங்காலைத் தொட்டார். மண்சரிவுப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்த அக்காவிடம் கேட்டால், “சரிவு பழகிப்போச்சு தம்பி. அந்த மேட்டுக்குத் தண்ணி வராதே, ரெண்டு குடத்தோட யாரு ஏறுறது?” என்கிறார்!

பேச்சில் நூற்றுக்கு 7 பங்குதான் சொல், மீதி குரலும் முகமும் என்று நமக்கு ஒரு வகுப்பில் சொன்னார்களே, ஞாபகமா? அது மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த சோதனைகளில் வந்த கணக்கு. ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அவை பார்த்தன, அதுவும் ஒற்றைச் சொற்களை வைத்து. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2019-இல் லிசா பெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளரும் இன்னும் நான்கு பேரும் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, முகத்தை மட்டும் வைத்து மனதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த அக்கா எனக்குக் காட்டியதும் அதைத்தான். முகத்தில் ஏதோ ஓடுகிறது என்பது தெரியும். என்னவென்று கேட்டால்தான் தெரியும்.

அதனால் தோட்டத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஐந்தாறு பெண்களாக, லய வாசலிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதப்போகிறோம். தைப்பொங்கலுக்கு நீ வருவதென்றால் முன்கூட்டியே சொல். அப்போதே வைத்துக்கொள்ளலாம், உன் அம்மாவும் இருந்தால் அந்தப் பெண்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

அன்புடன்,
உன் மச்சான்