அதிகாலை 2.47-க்கு என் சர்வரில் நுழைந்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் தானியங்கி வர்த்தக மென்பொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக வருபவர்களுக்குப் புரியும்படி நிதானமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. புரோக்கர் நிறுவனம் இலவசமாகத் தரும் சர்வரிலேயே நிரலை ஓட்டிக்கொள்ளலாம், சொந்தக் கணினியை இரவு பகலாக இயக்க வேண்டியதில்லை என்று இருந்தது. நானும் அப்படி நம்பிப் போனவள்தான்.

நான் புள்ளியியல் படித்தவள். 2013 முதல் அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கான நிரல்களை மெட்டாடிரேடர் 4 என்ற வர்த்தக மென்பொருளில் எனக்காக நானே எழுதிவருகிறேன். அவற்றில் ஒன்று நான்கு ஆண்டு உழைப்பு. எப்போது வாங்க வேண்டும் என்று எழுத ஒரு மாதம்கூட ஆகவில்லை. எப்போது வாங்காமல் சும்மா இருக்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கத்தான் மீதிக் காலம் முழுவதும் போயிற்று. அந்த நிரலைத்தான் புரோக்கரின் இலவச சர்வரில் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு நாள் காலையில் சர்வர் தானாக நின்று மறுபடி கிளம்பியிருந்தது. காரணம் தேடி விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தேன். யாராவது உள்ளே நுழைந்தால் அதை 4624 என்ற எண்ணில் விண்டோஸ் குறித்துவைக்கும். என் பெயரில் நுழைந்தவை வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே நிர்வாகி கணக்கில் ஒரு நுழைவு. பக்கத்தில் 10 என்ற வகை எண். தொலைவிலிருந்து திரையைத் திறந்து ஓர் ஆள் உள்ளே வந்திருக்கிறார் என்று பொருள். நேரம் அதிகாலை 2.47. வெளியேறியது 3.28. நான் தூங்கிக்கொண்டிருந்த 41 நிமிடங்கள்.

புரோக்கரிடம் கேட்டதற்கு, "வழக்கமான பராமரிப்பு" என்று இரண்டு சொற்களில் பதில் வந்தது. அன்றிரவு எந்தப் புதுப்பிப்பும் நிறுவப்படவில்லை என்பதைப் பதிவேட்டிலேயே பார்த்துவிட்டு மறுபடி எழுதினேன். பதில் இல்லை. நிரல் கோப்பின் எஸ்.எச்.ஏ-256 கைரேகையை, அதாவது கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டை, முன்பே குறித்துவைத்திருந்தேன். சரிபார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. யாரும் அதைத் திருத்தவில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் நகல் எடுத்தார்களா என்பதற்கு அதில் விடை கிடையாது. நகை திருட்டுப்போனால் பெட்டி காலியாக இருக்கும். நிரல் திருட்டுப்போனால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். அவர்கள் எடுத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. எடுத்தார்களா இல்லையா என்று அறிய எனக்கு எந்த வழியும் வைக்கப்படவில்லை என்பதே என் குறை.

சொந்தக் கணினியில் ஓடும்போது நிரல் கோப்பு புரோக்கரிடம் போவதே இல்லை. ஆர்டர்கள் மட்டுமே போகின்றன. அவர்களுடைய சர்வரில் வைத்துவிட்டாலோ, வன்தட்டும் நினைவகமும் முழுவதுமாக அவர்கள் நிர்வாகியின் கையில். "கணினிக்கு மட்டும் புரியும் வடிவில் தொகுக்கப்பட்ட கோப்புதானே, யாரால் படிக்க முடியும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2014 தொடக்கத்தில் மெட்டாடிரேடரின் 600-ஆம் பதிப்பு வருவதற்கு முன் தொகுத்த கோப்புகளை மூலநிரலாகத் திருப்பித் தரும் கருவிகள் தாராளமாகப் புழங்கின. அதன் பிறகு அது மிகவும் கடினமாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் படிக்க வேண்டிய தேவை என்ன? நகலெடுத்து அப்படியே ஓட்டினால் போதுமே. என் கணக்கு எண்ணில் மட்டும் ஓடும்படி பூட்டுப் போட்டிருந்தேன். கணக்கு எண்களை வழங்குவதே அந்த நிறுவனம்தான் என்பது பிறகுதான் உறைத்தது. சாவி செய்பவரிடமே பூட்டைக் காட்டி என்ன பயன்?

கோப்பைத் தொடாமலும் உத்தியை எடுக்கலாம். நிரல் ஒவ்வொரு ஆர்டரோடும் அனுப்பும் அடையாள எண், 'மேஜிக் நம்பர்', புரோக்கரின் சர்வரில் பதிவாகிறது. ஆர்டரோடு போகும் குறிப்பு இடத்தில் நான் உத்தியின் பெயரையே எழுதிவைத்திருந்தேன். ஓராண்டு ஆர்டர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் திறமைசாலி ஒருவருக்கு என் நான்கு ஆண்டுகளில் பாதி விளங்கிவிடும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் ஐ.டி.ஜி. என்ற பங்கு புரோக்கர் நிறுவனம் 'பிராஜெக்ட் ஒமேகா' என்ற பெயரில் ரகசியமாக ஒரு வர்த்தகப் பிரிவை நடத்தி, தன்னை நம்பி வந்த வாடிக்கையாளர்களின் ஆர்டர் விவரங்களைப் பயன்படுத்தித் தானும் வர்த்தகம் செய்தது. 2015-இல் தவறை ஒப்புக்கொண்டு, 2.03 கோடி டாலர் கட்டித்தான் அதிலிருந்து வெளியே வந்தது. பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கே அந்தக் கதி.

குறுக்கீட்டுக்கும் நிரலைத் தொட வேண்டியதில்லை. ஆர்டரைச் சற்று நிறுத்திவைத்தாலே போதும். யூரோ-டாலரை 1.1052-இல் கேட்டேன், 1.1055-இல் கிடைத்தது. சந்தை வேகமாக நகரும்போது இது இயல்புதான், ஸ்லிப்பேஜ் என்பார்கள். ஆனால் இயல்பாக நடந்தால் சில சமயம் 1.1050-இலும் கிடைக்க வேண்டும் அல்லவா? அதே நிரலை, அதே வர்த்தக அளவில், இரண்டு புரோக்கர்களிடம் மூன்று மாதம் ஒரே நேரத்தில் ஓட்டினேன். கேட்ட விலையையும் கிடைத்த விலையையும் நிரலே ஒரு கோப்பில் எழுதிவந்தது. ஓரிடத்தில் வித்தியாசம் இரு பக்கமும் விழுந்தது. சர்வர் தந்த நிறுவனத்தில் ஒருமுறைகூட எனக்குச் சாதகமாக விழவில்லை. வாடிக்கையாளரின் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பாமல் தானே எதிர்த்தரப்பாக நிற்கும் புரோக்கருக்கு என் லாபம் நேரடி நஷ்டம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சாதகமான நகர்வைத் தனக்கு வைத்துக்கொண்டு, பாதகமானதை மட்டும் வாடிக்கையாளர் தலையில் கட்டியதற்காக எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற செலாவணி புரோக்கர் நிறுவனத்தின் மீது அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் நடவடிக்கை எடுத்தது. 60 லட்சம் டாலர் அபராதம். வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர 82 லட்சம் டாலர்.

அந்த சர்வரைவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது முடிவெடுக்கும் பகுதி, புரோக்கருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் நான் வாடகைக்கு எடுத்த கணினியில் ஓடுகிறது. வர்த்தக மென்பொருளுக்குள் இருக்கும் சிறிய நிரல், வந்த கட்டளையை ஆர்டராக மாற்றுவதைத் தவிர வேறொன்றும் அறியாது. குறிப்பு இடம் வெறுமையாக இருக்கிறது. ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டதும் தானாக வெளியேறும் விலை, அந்த விஷயத்தில்தான் நெடுநாள் குழம்பினேன். அதைப் புரோக்கரின் சர்வரில் பதிந்தால் நான் எங்கே வெளியேறுவேன் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பதியாமல் விட்டால், இணையம் அறுந்த நேரத்தில் கணக்கே கரைந்துபோகும். கடைசியில், விபத்துக்கு மட்டும் உதவும்படி வெகுதூரத்தில் ஒன்றை அங்கே வைத்துவிட்டு, உண்மையான வெளியேறும் விலையை என் நிரலிலேயே வைத்திருக்கிறேன். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தவரையில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆனால் நிரல் எழுதத் தெரிந்த எனக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், யாரிடமோ காசு கொடுத்து வாங்கிய நிரலை நம்பிச் சேமிப்பைப் போடுபவர் என்ன செய்வார்? வாடிக்கையாளரின் பணத்தை நிறுவனத்தின் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அந்தப் பணத்தை ஈட்டும் நிரலுக்கும் அதே மரியாதை வேண்டும். சர்வர் தரும் புரோக்கர், அதில் தன் ஊழியர் நுழைந்த ஒவ்வொரு முறையும் யார், எப்போது, எதற்காக என்று வாடிக்கையாளருக்குத் தானாகவே தெரிவிக்க வேண்டும். சர்வரைப் பராமரிப்பவர்களும் வர்த்தகப் பிரிவினரும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்க முடியாதபடி பிரிக்கப்பட வேண்டும். ஆர்டர் வந்து சேர்ந்த நேரமும் நிறைவேறிய நேரமும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை வாடிக்கையாளர் கைக்கு வர வேண்டும். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மறுபடி எடுத்து வரிவரியாகப் படித்தேன். நிரல் யாருக்குச் சொந்தம் என்று அதில் எங்கேயும் ஒரு சொல் இல்லை.

இலவச சர்வர் பற்றித் தங்கள் நிருபர்கள் அடுத்த முறை எழுதும்போது, அதைத் தரும் நிறுவனத்திடம் "அந்த சர்வருக்குள் உங்கள் ஆட்களில் யாரெல்லாம் நுழைய முடியும்?" என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே கேள்வியோடு நான் அனுப்பிய மூன்றாவது கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி