உருகிய சக்கரமும் லேசர் கதையும்

ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் ஊர்களை அழித்த காட்டுத்தீக்கு லேசர் ஆயுதமே காரணம் என்று பலர் நம்புவது பற்றிய செய்தியைப் படித்தேன். மரம் நிற்கிறது, வீடு சாம்பல், கார் சக்கரம் உருகி ஓடியிருக்கிறது. இது சாதாரணத் தீயா என்று கேட்கிறார்கள். அலுமினிய வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். பல கார்களின் சக்கரம் அலுமினியத்தில் செய்தது; 660 டிகிரி செல்சியஸில் அலுமினியம் உருகிவிடும். எங்கள் உலையில் அதற்கு டீசல் பர்னரே போதுமானதாக இருந்தது. பற்றி எரியும் வீட்டின் வெப்பம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பச்சை மரத்தில் ஈரம் இருக்கிறது. வீட்டுக்கோ, காற்றில் பறந்து வந்து கூரை இடுக்கில் விழும் ஒரு கங்கு போதும்.

அதற்காகச் சந்தேகப்படுகிறவர்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரில் 85 பேரைப் பலிகொண்ட தீ, உயரழுத்த மின்கோபுரத்தில் ஏறக்குறைய நூறாண்டு தேய்ந்து உடைந்த ஒரு கொக்கியில் தொடங்கியது. அந்த மின்கோபுரத்தின் உரிமையாளரான பிஜி அண்ட் இ மின் நிறுவனம், அவற்றில் 84 மரணங்களுக்கான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2020-இல்தான். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரை எரித்த தீக்கு அறுந்த மின்கம்பியே மூலம் என்ற அதிகாரபூர்வ அறிக்கை வரவும் ஓராண்டுக்கு மேலானது. இந்த இடைவெளியில்தான் வதந்தி குடியேறுகிறது. சரி, விசாரணைக்கு நேரம் பிடிக்கும். ஆனால் இதுவரை தெரிந்தது என்ன என்று மாதந்தோறும் அறிவிக்கலாமே. பத்திரிகைகளும் இறுதி அறிக்கையை, தீயின் படத்தைப் போட்ட அதே முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும்.

— முன்னாள் வார்ப்புத் தொழிலாளி