ஒரே விதி, ஒரே நீதி ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத்தார் சிறப்பு ஏற்பாடு கோரும்போதெல்லாம், "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே" என்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் எழுத்தளவில் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆயினும் தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததை நிறுவ வேண்டும் என்ற அதன் நிபந்தனை, பத்திரம் எதுவும் கைவசமில்லாத தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அவர்களில் குடியுரிமையின்றி எஞ்சியோருக்காக 2003இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

எங்கள் லயத்து வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளுக்கு) தனி முகவரி இல்லாததால், என் மகளின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து அலுவலகத்தில் கிடந்து, திகதி கடந்தபின்பே (அதுவும் நாங்கள் கேட்டுப் போனதால்) கைக்கு வந்தது. நகரத்தவர் ஒட்டுவதும் அதே முத்திரைதான். சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையே பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விசேட ஏற்பாடுகளை அனுமதிக்கையில், லயங்களுக்கு வீட்டிலக்கமிட்டு நேரடியாகத் தபால் சேர்ப்பிக்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர் ஒருவர்,
ஹட்டன்.